கடற்கரை ஊரில் ஒரு கைத்தொழில் கடைவீதி

கைத்தறிச் சரக்கின் தரத்தை நெய்தவர் அறிவார். அதனை வாங்குகின்றவரும் அறிந்தாலன்றி அச்சரக்குக்கு உரிய விலை கிட்டாது. வாங்குவோரின் கண்ணைத் திறப்பது எப்படி என்பது உலகெங்குமுள்ள கைவினைஞர் அனைவருக்கும் பொதுவான பிரச்னை. மெக்ஸிகோ நாட்டின் பசிபிக் கடற்கரையிலுள்ள ஹுவாத்துல்கோ என்னும் ஊருக்கு விடுமுறைக்கு வருவோர், தம் குழந்தைகளை அழைத்துக்கொண்டு நினைவுப்பொருள் வாங்கச் செல்லும் வழக்கத்தை இந்த நோக்கில் ஆராய்ந்தால், நம் சங்க உறுப்பினர்களுக்குப் பயன்படும் செய்திகள் பல கிடைக்கும்.

ஹுவாத்துல்கோ, வஹாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. ஒன்பது குடாக்களைக் கொண்ட கடற்கரை. 1984ஆம் ஆண்டில் மெக்ஸிகோ அரசு அங்கே ஏறத்தாழ 21,000 ஹெக்டேர் நிலத்தைக் கையகப்படுத்தி, உல்லாச நகரம் ஒன்றைத் திட்டமிட்டு அமைத்தது. கடலோரத்தில் வாழ்ந்துவந்த மக்களும் கட்டட வேலைக்கு வந்த தொழிலாளரும் குடியிருப்பதற்காகச் சற்று உள்ளே தள்ளி எழுந்த ஊர்தான் லா குருசெசீத்தா. ஊர் நடுவே மரங்கள் சூழ்ந்த சதுக்கம். அதனைச் சுற்றிலும் கடைகள். பயணக் கப்பல்கள் சாந்தா குரூஸ் துறையில் வந்து நிற்கும் நாட்களில் கூட்டம் நெரியும்.

இக்கடைகளில் ஆலையில் அச்சடித்த பனியன்களும், தொலைதேசத்துத் தொழிற்சாலைகளில் வார்த்த பொம்மைகளும், உள்நாட்டு மலைக்கிராமங்களில் கையால் செய்த பொருள்களும் ஒரே பலகையில் அடுத்தடுத்து இருக்கும். விலை குறைந்தது எது என்று மட்டும் பார்ப்பவர் கையில் முதல் இரண்டுமே சேரும். ஆகவே குழந்தையுடன் செல்லும் பெற்றோர், வாங்குவதற்கு முன் செய்முறையைக் காட்டுவது நன்று. அனலடங்கிய மாலைப்பொழுதும், அவசரமில்லாத மனமும், குழந்தையின் கையில் அதற்கென ஒரு சிறு தொகையும் இருந்தால் போதும்.

முதலில் தறி

வஹாக்காப் பள்ளத்தாக்கிலுள்ள தெயோதித்லான் தெல் வாயே என்னும் சாபொதெக் இனத்தாரின் கிராமம், கம்பளி விரிப்புகளுக்குப் பெயர்பெற்றது. ஸ்பானியர் வருமுன் அங்கே இடுப்புத் தறியில் பருத்தி நெய்தனர். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஆடுகளையும் மிதிதறியையும் கொண்டுவந்தபின் கம்பளி நெசவு வேரூன்றிற்று. அவ்விரிப்புகள் ஹுவாத்துல்கோக் கடைகளுக்கும் வருகின்றன. வாங்குவோர் காணும்படி தறியையே கடையில் நிறுத்தி நெய்துகாட்டும் வழக்கமும் உண்டு.

சாயம் காட்டும் வித்தையில்தான் குழந்தைகள் மெய்மறந்து நிற்பர். சப்பாத்திக் கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்னும் பூச்சியை உலர்த்தி வைத்திருப்பார்கள். சாம்பல் நிறத்து மணிபோன்ற அதனை உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் கருஞ்சிவப்புச் சாறு பரவும். அதன்மேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இளஞ்செம்மையாக மாறும். சிறிது சுண்ணாம்பைச் சேர்த்தால் ஊதாவாகும். ஒரு கிலோ சாயத்துக்கு ஏறத்தாழ 1,40,000 பூச்சிகள் வேண்டும் என்று சொன்னால், இயற்கைச் சாயமிட்ட விரிப்பு ஏன் விலை மிகுந்தது என்பதைச் சிறுவன்கூட விளங்கிக்கொள்வான். நீலத்துக்கு அவுரியே அங்கும் ஆதாரம். அம்மாநிலத்தின் நில்தெபெக் என்னும் ஊரில் அது இன்றும் தயாராகிறது.

இந்தப் பூச்சிக்கும் நம் சென்னைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. ஸ்பானிய ஆட்சியில் வெள்ளிக்கு அடுத்தபடியாகப் பொருளீட்டித் தந்த ஏற்றுமதி கொச்சினீல். அதன் லாபத்தைக் கண்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் கம்பெனி மருத்துவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். ஆனால் 1795இல் இந்தியாவுக்கு வந்துசேர்ந்தது உயர்ந்த சாயம் தரும் இனமன்று, காட்டினப் பூச்சியே. சாயத்தொழில் எழவில்லை, அப்பூச்சி கள்ளியைத்தான் அழித்தது. மெக்ஸிகோக் குடியானவர் பல தலைமுறை பேணித் தேர்ந்த வித்தைக் குறுக்குவழியில் பெற இயலவில்லை என்பதற்கு இது சான்று.

மண்ணும் மரமும்

சான் பார்த்தொலோ கோயோதெபெக் கிராமத்துக் கரிய மட்பாண்டம் இன்னொரு கவர்ச்சி. 1950களில் தோன்யா ரோசா என்று அழைக்கப்பட்ட ரோசா ரெயால் என்ற குயவர் அம்மையார், சுடுவதற்கு முன் பாண்டத்தைத் தேய்த்து மெருகிட்டால் கண்ணாடிபோல் பளபளக்கும் என்று கண்டார். இம்மெருகுப் பாண்டம் குறைந்த சூட்டில் வேகுவதால் தண்ணீர் தாங்காது. அழகுக்கு மட்டுமே உரியது. இதனை ஒளிக்காமல் சொல்லி விற்கும் கடைக்காரரே நம்பத்தக்கவர்.

சிறகு முளைத்த பல்லி, கொம்புள்ள முயல் என விசித்திர உருவங்களை வண்ணம் தீட்டிய மரத்தில் காணலாம். அலெப்ரிஹே என்பது இவற்றின் பெயர். மெக்ஸிகோ நகரத்தில் பெத்ரோ லினாரெஸ் என்பவர் காகிதக்கூழில் தொடங்கிய இக்கலையை, வஹாக்கா கிராமத்தார் கோபால் மரத்தில் செதுக்கித் தமதாக்கிக்கொண்டனர். சிறு கைப்பணத்துக்கு ஏற்றவை பம்பரமும், கிண்ணியும் கோலும் சேர்ந்த பலேரோ என்னும் விளையாட்டுப் பொருளும். குழந்தை தானே விலை கேட்டு, தானே எண்ணிக் கொடுத்து வாங்கியது பல நாள் அதன் கையை விட்டு அகலாது.

கடல் நத்தையின் ஊதா

ஹுவாத்துல்கோவின் பாறைகளிலேயே பிறக்கும் சாயம் ஒன்றும் உண்டு. பினோத்தேப்பா தே தோன் லூயிஸ் என்னும் ஊரின் மிஸ்தெக் இனச் சாயத்தொழிலாளர், குளிர்காலத்தில் பருத்தி நூற்கழிகளுடன் நெடுந்தொலைவு வந்து இக்குடாக்களில் தங்குவர். அலை பின்வாங்கும் நேரத்தில் பாறையிடுக்கிலுள்ள நத்தையை எடுத்து, அது சுரக்கும் பாலை நேரே ஈரநூலில் தடவிவிட்டு, நத்தையை மீண்டும் நிழற்பாறையில் ஒட்டிவைப்பர். வெண்பால் வெயிலில் மஞ்சளாகி, பச்சையாகி, முடிவில் ஊதாவாகும். அந்நூலும், கொச்சினீல் சிவப்பும், அவுரி நீலமும் சேர்ந்து இடுப்புத் தறியில் போசவாங்கோ என்னும், பெண்கள் இடுப்பில் சுற்றி உடுத்தும் ஆடை உருவாகிறது. ஒரு முறை கறந்த நத்தையை ஏறத்தாழ ஒரு திங்கள் தொடுவதில்லை.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய வணிக நிறுவனம் ஒன்று ஓய்வின்றிக் கறக்கச் செய்ததால் நத்தைகள் கூட்டமாக மடிந்தன. 1988இல் மெக்ஸிகோ அரசு அவற்றைப் பாதுகாத்து, மரபுமுறையில் சாயமெடுக்கும் பழங்குடிச் சமூகத்தாருக்கே அவ்வுரிமையை அளித்தது. 1998இல் இக்கடற்கரையின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாயிற்று. ஆயினும் உணவுக்காகத் திருட்டுத்தனமாக நத்தை பிடிப்போரால் இன்றும் ஆபத்து நீங்கவில்லை. சாயமிடத் தெரிந்தவர்களும் மிகச் சிலரே. இவ்வூதா நூலாடையை மலிவு விலையில் எவரேனும் நீட்டினால், அதன் நிறம் கடலிலிருந்து வந்ததன்று என்று ஐயுறலாம்.

கடற்கரையில் ஆமையோட்டுச் சீப்பையோ வளையலையோ எவரேனும் ரகசியமாகக் காட்டினாலும் வாங்கலாகாது. 1990ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் கடலாமை வேட்டை முற்றிலும் தடுக்கப்பட்டுள்ளது. இத்தடையால் பிழைப்பை இழந்த அண்டை ஊராகிய மசுந்தேயின் மக்கள், பின்னர் இயற்கை எண்ணெய்களைக் கொண்டு சோப்பும் தைலமும் செய்யும் கூட்டுறவு நிலையம் கண்டனர். குழந்தைக்கு அங்கே வாங்கும் ஒரு சோப்புக்கட்டி ஆமையோட்டைவிட மேலான நினைவுப்பொருள்.

பேரமும் நியாயமும்

பேரம் பேசுவது பயணிகளின் பொழுதுபோக்காகிவிட்டது. ஆலைச்சரக்குக்கு அது பொருந்தலாம்; பல நாள் தறியில் அமர்ந்து நெய்தவரிடம் பாதி விலைக்குக் கேட்பது அவர் கூலியைப் பறிப்பதாகும். பெற்றோர் கேட்பதைக் குழந்தை கவனிக்கிறது. "இதை யார் செய்தார், எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேட்கப் பழகிய சிறுமி, பெரியவளான பின்னும் அக்கேள்வியை மறவாள்.

தெயோதித்லானில் நீண்டகாலம் விரிப்புகள் வணிகர் கைவழியே சந்தைக்குப் போயின; லாபத்தின் பெரும்பகுதி அவர்களிடமே தங்கியது. 1980களின் பிற்பகுதி முதல் அவ்வூர்ப் பெண்கள் கூட்டுறவுக் குழுக்கள் அமைத்துத் தம் பெயரில் நேரே விற்கத் தொடங்கினர். பழங்குடிச் சமூகங்களின் வடிவங்களைப் பிறர் அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டமும் 2022 ஜனவரியில் வந்தது. சட்டம் திருட்டைத் தண்டிக்கலாம். நல்ல சரக்கை விரும்பி வாங்கும் மனத்தை அது உண்டாக்க மாட்டாது.

அந்த மனத்தை உண்டாக்கும் வேலை விற்பனை நிலையத்தைச் சார்ந்தது. நம் சங்கக் கடைகளில் ஒரு மூலையில் சிறு தறி ஒன்றும், சாயம் தோய்த்த கழிகள் நான்கும், குழந்தை தொட்டுப் பார்க்கும் உயரத்தில் நூல் சுற்றிய கண்டுகளும் இருக்கட்டும். செய்தவரின் பெயரையும் ஊரையும் சரக்கின்மேல் எழுதி வைப்போம். தாய் புடவை தேரும் அரை மணி நேரத்தில் குழந்தை ஒருமுறை மிதியை மிதித்துப் பார்த்துவிட்டுப் போனால், இருபது ஆண்டுகளுக்குப் பின் வரவிருக்கும் வாடிக்கையாளர் ஒருவரை இன்றே சம்பாதித்தவர்களாவோம்.