ஆடாத ஊஞ்சலும் அழியாத பாவையும்

பாங்காக் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் தேடிப் போவது சீலோம் சாலை மாரியம்மன் கோயிலைத்தான். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய ஆலயம் இது. இன்று சந்நிதியில் சாமந்தி மாலையும் இளநீருமாக நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்களே. 'வாட் கேக்' என்பது அவர்கள் இக்கோயிலுக்கு இட்ட பெயர். 'கேக்' என்றால் இந்தியர். விருந்தாளி என்றும் பொருள் உண்டு!

அரண்மனை வளாகத்து மரகத புத்தர் ஆலயத்தின் சுற்று மண்டபத்தில் அவர்களது இராமாயணமான 'ராமகியென்' 178 ஓவியங்களாக விரிகிறது. அங்கே அனுமன் பிரம்மசாரி அல்லர்; இராவணன் மகளான மச்சகன்னியையே மணக்கிறார். நம்மவர்க்குச் சற்றுத் திகைப்பாகவே இருக்கும்.

பலரும் படமெடுத்துக்கொண்டு கடந்துவிடும் இடம் ஒன்று உண்டு. வாட் சுதாட் ஆலயத்தின் எதிரே இரண்டு செந்நிறத் தேக்குத் தூண்கள் ஓங்கி நிற்கின்றன. தோரண வாயில் போலத் தோன்றும் அது, உண்மையில் ஓர் ஊஞ்சல். ஆண்டுக்கொரு முறை சிவபெருமான் பூவுலகில் எழுந்தருளிப் பத்து நாள் தங்குகிறார் என்பது அந்நாட்டு அந்தணர்களின் நம்பிக்கை. அவரை வரவேற்கும் விழாவில் ஆடவர் அதில் ஏறி வானளாவ ஆடி, மூங்கில் கம்பத்தில் தொங்கும் காசு முடிப்பைப் பல்லால் கவ்வுவார்கள். உயிருக்கே ஆபத்தான ஆட்டம், 1935-இல் நின்றுபோயிற்று. 2007-இல் புதிய தேக்கு மரங்களால் தூண்களைப் புதுப்பித்தார்கள். ஆனாலும் ஊஞ்சல் ஆடவில்லை.

அங்கிருந்து சில அடி தொலைவில், முதலாம் ராமா மன்னர் 1784-இல் அமைத்த தேவஸ்தானம் இருக்கிறது. சிவன், விநாயகர், திருமால் மூவருக்கும் தனித்தனிச் சந்நிதிகள், பகட்டில்லாத வெண்சுவர்கள். மார்கழி, தை மாதங்களை ஒட்டி இங்கே நிகழும் விழாவுக்குப் பெயர் 'திரியம்பவாய் திரிபவாய்'. இருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் போதும், திருவெம்பாவையும் திருப்பாவையும் செவியில் விழுந்துவிடும்.

தென்னகத்திலிருந்து சென்ற அந்தணர் மரபு எடுத்துச் சென்ற பாடல்கள் இவை. இன்று ஓதுவோருக்குத் தமிழ் தெரியாது. கிரந்தச் சாயல் கொண்ட எழுத்தில் எழுதிய சுவடிகளைப் பார்த்து, தந்தை ஓதியபடியே மைந்தரும் ஓதுகிறார்கள். உச்சரிப்பு வெகுவாக மாறிவிட்டதால் தமிழர் செவிக்கும் எளிதில் பிடிபடுவதில்லை. ஆயினும் கயிலையின் கதவைத் திறக்கும் சடங்கை அவர்கள் விடவில்லை. பொருள் அறிந்த நம் ஊர்களில் மார்கழி விடியலில் எத்தனை பேர் கூடுகிறார்கள் என்பதை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

விழா நிறைவில், வெளியே பெரிய ஊஞ்சல் அசைவற்று நிற்க, சந்நிதிக்குள் அன்ன வடிவச் சிற்றூஞ்சலில் இறை திருமேனிகளை எழுந்தருளச் செய்கிறார்கள். நம் கோயில்களில் பள்ளியறைக்கு முன் ஆட்டுவதைப் போலவே, மெல்ல ஆட்டி விடைகொடுக்கிறார்கள்.