இரண்டு இலை, ஒரு புள்ளி

“மத்தியானத்துக்கு எத்தனை இலைம்மா?”

கிளம்புவதற்கு முந்தின நாள், கானாடுகாத்தானில் நாங்கள் தங்கப்போகும் வீட்டிலிருந்து வந்த அழைப்பில் கேட்ட முதல் கேள்வி இது. எத்தனை மணிக்கு வருவீர்கள், ஏசி அறையா சாதாரண அறையா என்பதெல்லாம் அப்புறம்தான். “இரண்டு இலை” என்றேன். மறுமுனை ஒரு விநாடி பேசவில்லை. பிறகு, “சரிம்மா, ரெண்டு” என்றது. அந்த வீட்டுப் பந்திக்கட்டைப் பார்த்த பிறகுதான் அந்த ஒரு விநாடிக்கு அர்த்தம் புரிந்தது.

கல்யாணமாகி 27 வருஷத்தில் நாங்கள் ஊர் சுற்றாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு குலதெய்வமோ, ஒரு வளைகாப்போ, பின் இருக்கையில் சண்டை போடும் இரண்டு பிள்ளைகளோ கூடவே இருந்தார்கள். மகள் பெங்களூருக்கும் மகன் விடுதிக்கும் போய்விட்ட இந்த வருஷம், முதல்முறையாகக் காரின் பின் இருக்கை காலி. இவர் கொடைக்கானல் என்றார். மலைக்குப் போய் மூடுபனியைப் பார்த்துக்கொண்டு நூடுல்ஸ் தின்றுவிட்டு வருவதில் எனக்கு விருப்பமில்லை. நான் சமைக்காத, நல்ல சாப்பாடு எங்கே கிடைக்குமோ அங்கே போகலாம் என்றேன். இவர் மறுக்கவில்லை. அப்படித்தான் பொங்கல் முடிந்த கையோடு செட்டிநாடு கிளம்பினோம். சித்திரையில் போகிறவர்களுக்கு என் அனுதாபம்.

சென்னையிலிருந்து திருச்சி வரை சொல்ல ஒன்றுமில்லை. நாலு வழிச்சாலை, சுங்கச்சாவடி, காபி. திருச்சியில் நான் வண்டியை வாங்கிக்கொண்டேன். புதுக்கோட்டைச் சாலையில் இறங்கியதும் நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. செம்மண், தைலமரத் தோப்பு, முந்திரி, நடுநடுவே யாரோ உருட்டிவிட்டுப் போனமாதிரி மொட்டைப் பாறைகள். இயற்கைக் காட்சி என்றால் பச்சையும் அருவியும்தான் என்று சினிமா நமக்குப் பழக்கிவிட்டது. தை மாதக் காலை வெயில் செம்மண்ணில் சாய்ந்து விழுவதைப் பார்க்க இந்தப் பொட்டல்தான் சரியான இடம்.

சித்தன்னவாசலுக்குத் திரும்பினோம். சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் கூரையில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள் என்று குளமே தலைக்கு மேல். 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. தூணில் ஆடும் பெண்களை எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள். இன்னொரு தூணில் மகுடத்தோடு ஒரு ஆணும் அருகே ஒரு பெண்ணும் மங்கித் தெரிகிறார்கள். அரசன், அரசி என்கிறார்கள். வண்ணம் உதிர்ந்து பாதி முகம்தான் மிச்சம் என்றாலும் இருவரும் இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

மேலே ஏழடிப்பட்டத்தில், சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள். தலைமாட்டில் தலையணைபோலக் கல்லையே மேடாக்கி, வழவழவென்று இழைத்திருக்கிறார்கள். தமிழி எழுத்தும் உண்டு. இவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒத்தைக் கட்டில்” என்றார். மலையேறிய மூச்சிரைப்பிலும் சிரித்துவிட்டேன்.

திருமயத்தில் அரைமணி நேரம். 1687இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. ஒரே பாறையில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள். தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர். உச்சியில் ஒரு பீரங்கியும் நிறையக் காற்றும் இருக்கின்றன. எனக்கோ பசி. இலை போட்டுவிடுவார்கள் என்று இவரை இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

கானாடுகாத்தானில் கார் நுழைந்ததும் முதலில் தோன்றியது, ஆள் எங்கே என்பதுதான். தெருக்கள் கோடு கிழித்தமாதிரி நேராக, அகலமாக இருக்கின்றன. இருபுறமும் இரண்டாள் உயர மதிலும், அதற்கு மேல் சுதைப் பொம்மைகளும். ஒரு கஜலட்சுமி, இரண்டு சிப்பாய்கள், சில இடங்களில் கவுன் போட்ட வெள்ளைக்காரச் சீமாட்டி. முன்வாசல் ஒரு தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில். நாங்கள் தங்கிய வீட்டு வாசலில் நின்று உள்ளே பார்த்தபோது கதவுக்குள் கதவு, அதற்குள் கதவு என்று கடைசியில் ஒரு சதுர வெளிச்சம் தெரிந்தது. அது பின்தெரு.

முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி. இந்த வரிசை எல்லா நகரத்தார் (செட்டியார்) வீட்டுக்கும் பொது. முகப்பில் ஆண்கள் கணக்குப் பார்த்தார்கள், வட்டிக்கடைக் கணக்கு. பர்மாத் தேக்குத் தூணை நானும் இவரும் சேர்ந்து கட்டிப்பிடித்தும் கைகள் அரைகுறையாகத்தான் எட்டின. இத்தாலி சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு. கப்பல் எங்கெல்லாம் போனதோ அங்கிருந்தெல்லாம் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். சுவர் மட்டும் உள்ளூர்ச் சமாசாரம். சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, கல்லால் இழைத்தது. கன்னத்தை வைத்துப் பார்த்தேன். பட்டுத்துணியின் குளுமை.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, ஏன் நின்றது என்பதை இந்த வீடுகளில் தங்குகிறவர்கள் அறிந்திருப்பது நல்லது. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, பர்மிய விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் போக, கீழ் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால்வாசி செட்டியார்கள் கைக்கு வந்தது. ஈடாக வந்த நிலம், அங்குள்ளவர்களின் வெறுப்பையும் சேர்த்தே கொண்டுவந்தது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான், ஆயிரக்கணக்கானோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். போர் முடிந்து பர்மா விடுதலை பெற்றதும் நிலம் அரசுடைமையானது. இங்கே வீடுகள் அப்படியே நின்றுபோயின. இப்போது ஒவ்வொன்றுக்கும் பத்து இருபது பங்காளிகள். கல்யாணம், அறுபதாம் சாந்தி என்றால் திறப்பார்கள். மற்ற நாளில் ஒரு காவல்காரரும் புறாக்களும். தெரு முழுக்கக் கேட்ட அமைதிக்கு அதுதான் காரணம்.

சாப்பாட்டுக்கு வருவோம்.

பந்திக்கட்டில் நூறு பேர் உட்காரலாம். ஒரு மூலையில் எங்களுக்கு இரண்டு இலை. முதலில் உப்பு, ஊறுகாய், பீன்ஸ் பொரியல், வாழைப்பூக் கோலா, வெண்டைக்காய் மண்டி. மண்டி என்பது அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் முழுப் பச்சைமிளகாயும் போட்டு வைப்பது. நாம் தொட்டியில் கொட்டும் தண்ணீரை இந்த வீட்டுப் பெண்கள் குழம்பாக்கியிருக்கிறார்கள், அதுவும் ரங்கூன் பணம் கொட்டிய காலத்தில். பிறகு பருப்பு, நெய். அதன்பின் கோழிக் குழம்பு, உப்புக்கறி.

நெடுஞ்சாலையில் ‘செட்டிநாடு’ என்று பலகை மாட்டிக்கொண்டு, சிவப்பாக, நாக்கு எரிய ஒன்று தருகிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தக் கோழிக் குழம்பில் காரம் பின்வரிசையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. முன்னால் நின்றது கல்பாசி வாசம். பாறையிலும் மரத்திலும் படரும் இந்தப் பாசியைக் கையில் எடுத்து முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சூடான எண்ணெயில் விழுந்ததும்தான் பேசும். உப்புக்கறிக்கோ அரைத்த மசாலாவே கிடையாது. சின்னத் துண்டாக நறுக்கிய ஆட்டுக்கறி, வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, உப்பு. அவ்வளவு குறைச்சலான சாமானில் அவ்வளவு ருசி வந்தால் சமைக்கிறவள் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

நட்சத்திர ஓட்டலில் ஏழு சுற்றுச் சாப்பாடு ஒருமுறை சாப்பிட்டிருக்கிறோம். பெரிய தட்டு, நடுவில் சின்ன விஷயம், ஓரத்தில் மூன்று சொட்டு சாஸ். ஒவ்வொரு தடவையும் ஒருவர் வந்து விளக்கவுரை சொல்லிவிட்டுப் போனார். இங்கே பரிமாறிய அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் மண்டியை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி வைத்தார். நான் உப்புக்கறியைக் கடைசிக்கு ஒதுக்குவதைப் பார்த்துவிட்டு ரசத்தைத் தாமதித்தார். கடைசியில் கவுனி அரிசி. கறுப்பரிசியை ராத்திரியே ஊறவைத்து, குழைய வேகவிட்டு, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் சேர்த்துக் கிளறியது. பர்மாவிலும் கறுப்பரிசி உண்டு. பர்மா கைவிட்டுப் போனாலும் கல்யாணப் பந்தியிலிருந்து கவுனி போகவில்லை.

அன்று சாயங்காலம் ஊருணிக் கரைவரை நடந்துவிட்டுத் திரும்பும்போது, பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு ஆச்சி உட்கார்ந்திருந்தார். “எந்த ஊரு, எத்தனை பிள்ளைக?” என்று ஆரம்பித்து, என் நாத்தனார் வரை விசாரித்து முடித்தார். இந்த ஊரில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று நான் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். நகரத்தார் கணக்கில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புள்ளி. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது கோயில். கல்யாணத்துக்குக் கோயில் மாலை வரவேண்டும், கல்யாணத்தைக் கோயிலில் பதிய வேண்டும். அப்போதுதான் புள்ளி. கோயில் வரி, ஊர்க் கணக்கு எல்லாம் அந்தப் புள்ளியை வைத்துத்தான். தனி ஆணுக்கும் தனிப் பெண்ணுக்கும் அதில் இடமில்லை. துணை போய்விட்டால்?

“அரைப்புள்ளி” என்றார். “நான் அரைப்புள்ளி ஆகிப் பதினோரு வருசம்.”

சொல்லிவிட்டு அவரே பேச்சை மாற்றி, “வேறு வச்ச கதை தெரியுமா?” என்றார். கல்யாணமான கொஞ்ச நாளில் மாமியார் புதுத் தம்பதிக்குத் தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிடுவாராம். வளவைச் சுற்றி ஒரு மகனுக்கு ஒரு அறை, பின்கட்டில் அவரவர் அடுப்பு, அவரவர் அரிசி பருப்பு. வீடு ஒன்று, உலை ஐந்தாறு. விசேஷ நாளில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பந்தி. கூட்டுக்குடும்பம் என்றால் ஒரே சட்டி என்று நினைத்திருந்த எனக்கு இது புதிது. என் மாமியாரும் நானும் ஒரே அடுப்பில் கழித்த ஒன்பது வருஷத்தை நினைத்துக்கொண்டேன். இவரும் அதையே நினைத்திருக்க வேண்டும், வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் இடியாப்பமும் கோசமல்லியும். பிறகு ஆத்தங்குடி. கண்ணாடித் துண்டின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு பள்ளத்திலும் வண்ணச் சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் பூ நிற்கிறது. அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டுச் சமன்செய்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, காயவைத்து, கண்ணாடியை எடுத்தால் தளக்கல். சூளை கிடையாது. பளபளப்பு கண்ணாடியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. பூ வரைந்த பையனின் கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை.

மதியம் காரைக்குடி ‘பங்களா’. ஒரு நகரத்தார் குடும்பத்தின் பழைய விருந்தினர் மாளிகையை 1999இல் தங்கும் விடுதியாகத் திறந்தவர் மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி. அங்கத்துச் சமையலை வைத்து 2014இல் ஒரு ஆங்கிலப் புத்தகமே வந்தது. இங்கேயும் முன்கூட்டி இலை சொல்ல வேண்டும். பக்கத்தில் கானாடுகாத்தானில் ‘விசாலம்’ என்ற மாளிகையும் விடுதியாகியிருக்கிறது, அது அப்பா ஒருவர் தன் மூத்த மகளுக்காகக் கட்டியது. கொத்தமங்கலத்து ‘சாரதா விலாஸ்’ வீட்டைப் பழுதுபார்த்து மீட்டவர்கள் பிரான்சிலிருந்து வந்த கட்டடக் கலைஞர்கள் இருவர். வாடகை சுளீர் என்றுதான் இருக்கும். ஆனால் விடுதியான வீட்டுக் கூரையை மழைக்கு முன் யாராவது பார்க்கிறார்கள்.

பார்க்க ஆளில்லாத வீடுகள் எங்கே போகின்றன என்பது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தெரியும். பழம்பொருள் கடைகள். இடித்த வீட்டுத் தூண், நிலைக்கதவு, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குச்சட்டி, யாரோ ஒருவரின் கல்யாணப் புகைப்படம். நகரத்தார் வீட்டுப் பாத்திரங்களில் குடும்ப விலாசத்தின் முதலெழுத்துகளை வெட்டியிருப்பார்கள். ஐந்தாறு புள்ளி ஒரே வீட்டில் தனித்தனியாகச் சமைத்தால் கரண்டி மாறிப்போகாமல் இருக்க வேண்டாமா? ஒரு சின்னப் பித்தளைச் சருவச்சட்டியை எடுத்தேன். மூன்று எழுத்து. கடைசி எழுத்து தேய்ந்து, ‘ல’வா ‘வ’வா என்று தெரியவில்லை.

“யார் வீட்டுதுங்க?” என்றார் இவர்.

“வாங்கியாச்சுன்னா உங்க வீட்டுதுதான் சார்” என்றார் கடைக்காரர், விலையில் ஒரு ரூபாய் குறைக்காமல்.

ஊருக்கு வந்த மறுவாரம், காரைக்குடியில் வாங்கிய கவுனி அரிசியை அந்தச் சட்டியில் ஊறப்போட்டேன். கை பழக்கத்தில் நாலு பேருக்கு அளந்துவிட்டிருக்கிறது. மறுநாள் காலையிலும் அதையேதான் சாப்பிட்டோம்.