மனம் புண்படுதல்: ஓர் உளவியல் விளக்கம்

உடலில் உண்டாகும் காயத்தைப் புண் என்கிறோம். அச்சொல்லையே மனத்திற்கும் வழங்கி, 'மனம் புண்பட்டது' என்று கூறுகிறோம். கண்ணுக்குத் தெரியாத இப்புண் எதனால் உண்டாகிறது? இதனை ஆசிரியரும் மாணவரும் அறிந்துகொள்வது ஏன் தேவை?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் காட்டுகிறார். இளிவாவது பிறரால் இகழப்பட்டு எளியராதல் என்று உரை கூறுவர். உற்றாரையும் உடைமையையும் இழந்து அழுவதோடு, இகழப்பட்டு அழுவதையும் அவர் ஒருங்கே வைத்து எண்ணியிருப்பது நம் சிந்தனைக்குரியது. இகழப்படும்போது நாம் இழப்பது யாது?

அமெரிக்க உளவியலாளர் மார்க் லியரியும் அவர்தம் குழுவினரும் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒருவர் நம்முடன் கொண்ட உறவை நாம் விரும்பும் அளவிற்கு மதிக்கவில்லை என்று நமக்குத் தோன்றும்போது மனம் புண்படுகிறது என்பது அவர்கள் விளக்கம். முன்பின் அறியாத ஒருவர் நம்மைக் கண்டும் காணாமல் சென்றால் விரைவில் மறந்துவிடுகிறோம். சிற்றுண்டிச்சாலையில் நாள்தோறும் உடனமர்ந்து உண்ணும் தோழி அவ்வாறு சென்றால், அன்று பாடத்தில் மனம் செல்வதில்லை.

ஆயினும், அயலார் நம்மை ஒதுக்குவதும் ஓரளவு வருத்தவே செய்கிறது. கிப்ளிங் வில்லியம்ஸ் என்னும் உளவியலாளர் கணினியில் ஒரு பந்து விளையாட்டை அமைத்தார். தொடக்கத்தில் சில முறை பந்து வரும். பின்னர் மற்ற இருவரும் தமக்குள்ளேயே வீசிக்கொள்வர். முகமறியாத அவ்விருவர் ஒதுக்கிய சில நிமிடங்களிலேயே பங்கேற்றோரின் தன்மதிப்பும், தாமும் ஒருவர் என்ற உணர்வும் குறைந்தன. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், எதிரே ஆடுவது கணினிதான் என்று முன்னரே கூறப்பட்டவர்களும் அவ்வாறே வருந்தினர். 2003ஆம் ஆண்டில் இதே விளையாட்டைக் கொண்டு மூளையை ஆராய்ந்தபோது, உடல் வலியின் துன்பத்தோடு தொடர்புடைய ஒரு பகுதி ஒதுக்கப்பட்டவரிடம் கூடுதலாக இயங்கியது. இருவகை வலியும் ஒன்றே என இதனைக் கொண்டு முடிவுகட்ட இயலாது; எனினும் மனப்புண்ணை வெறும் கற்பனை எனத் தள்ளிவிடவும் இயலாது.

இவற்றிலிருந்து நாம் மூன்று செய்திகளைப் பெறலாம்.

முதலாவது, 'இதையெல்லாம் பெரிதுபடுத்தாதே' என்னும் அறிவுரை பெரும்பாலும் பயன் தருவதில்லை. கணினிதான் ஆடுகிறது என்று அறிந்தவரையே அவ்வறிவு காக்கவில்லை. வருந்தும் மாணவரிடம், 'உனக்கு வருத்தமாக இருக்கிறது, புரிகிறது' என்று முதலில் கூறுவதே நன்று.

இரண்டாவது, மனம் புண்படுவது நமக்குத் தோன்றும் ஒன்றைப் பொறுத்தது. தோற்றம் பிழையாகவும் இருக்கலாம். புலனத்தில் அனுப்பிய செய்திக்கு மறுமொழி வாராமைக்குப் புறக்கணிப்பு காரணமாகலாம். மறுநாள் தேர்வும் காரணமாகலாம். உறவை முறித்துக்கொள்ளும் முன் ஒருமுறை கேட்டறிதல் மாணவர் பழக வேண்டிய ஒழுக்கம்.

மூன்றாவது, குறைந்ததாகத் தோன்றிய மதிப்பை மீட்டுத் தருவதே மருந்து. 'நான் வேண்டுமென்று சொல்லவில்லை' என்னும் விளக்கம் சொன்னவரைக் காக்கிறது. 'உன் நட்பு எனக்கு வேண்டும்' என்னும் சொல் புண்பட்டவரைச் சென்றடைகிறது.

ஆசிரியர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்ட விழைகிறோம். 'குழுக்களை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எக்குழுவும் அழைக்காமல் இறுதியில் எஞ்சி நிற்கும் மாணவருக்கு, தம் மதிப்பு குறைந்ததை வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். குழுக்களை நாமே முன்கூட்டி அமைத்துப் பெயர்களைப் படித்துவிட்டால் அந்நிலை நேராது. அதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்களே.