பாலூட்டும் தாயும் தசைப்பிடிப்பு மாத்திரையும்

பிள்ளை பெற்ற சில வாரங்களில் இடுப்பும் முதுகும் பிடித்துக்கொள்வது தாய்மார் பலர் அறிந்த துன்பம். வீட்டில் வேறொருவருக்கு வாங்கி வைத்த தசைப்பிடிப்பு மாத்திரையை எடுத்து விழுங்கத் தோன்றும். அன்னையரே, சற்றுப் பொறுங்கள்!

தாய் உண்ணும் மருந்துகளில் பெரும்பாலானவை சிறிதளவேனும் பாலில் கலக்கின்றன. தசை தளர்த்தும் டயஸிபாமைத் தொடர்ந்து உண்டால், அதனை விரைந்து கழிக்க இயலாத பச்சிளங்குழந்தையின் உடலில் அது சேர்ந்துகொண்டே போகும்; குழந்தை அளவுமீறி உறங்கும்; பால் குடிப்பதும் குறையும். நம் நாட்டில் பெரிதும் வழங்கும் தயோகால்சிகோசைடு பாலூட்டுவோருக்கு ஆகாது என ஐரோப்பிய மருந்து முகமை 2013ஆம் ஆண்டில் அறிவித்தது. கூட்டு மாத்திரைகளில் இது வலி மருந்தோடு சேர்ந்தே வருவதுண்டு. ஆதலால் அட்டையிலுள்ள பெயர்களைப் படித்துப் பாருங்கள்.

அதற்காகத் தாய் வலியைச் சுமந்தே தீரவேண்டுமென்பதில்லை. தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டாம். பாராசிட்டமாலும் இபுபுரூபனும் பாலில் மிகச் சிறிதளவே சேர்வதால், பாலூட்டுவோர்க்கு ஏற்றவை என்பது மருத்துவர் கருத்து. வெந்நீர் ஒத்தடமும் உதவும்.

மருத்துவரிடம், "பால் கொடுக்கிறேன், குழந்தைக்கு இத்தனை மாதம்" என்பதை முதலில் சொல்லுங்கள். தசை மருந்து தேவையாயின் தக்கதை அவர் தேர்ந்து தருவார். அந்நாள்களில் குழந்தை எழுப்பியும் விழிக்காவிட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, தாமதியாது மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.