கொல்லைப்புறத்துப் பசுந்திரை

கிணறும் துவைக்கும் கல்லும் நாலைந்து வாழையுமாக விசாலமாய்க் கிடந்த கொல்லைகளில், பெண்கள் தலை உலர்த்துவதற்கும் முதியவர்கள் சாய்வு நாற்காலியில் கண்ணயர்வதற்கும் எவருடைய பார்வையையும் எண்ணிக் கூச வேண்டிய அவசியம் முன்பு இருந்ததில்லை. இன்றோ, ஒரு கிரவுண்டு மனையில் வீடு கட்டியவருக்குப் பின்புறம் எஞ்சுவது பதினைந்தடி அகல நிலமே. மதிலுக்கு அப்பால் எழும்பிய மாடிவீட்டின் சன்னல்கள் அதையும் நோக்கித் திறந்திருக்கின்றன. இந்தச் சங்கடத்தோடு நர்சரிக்குப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, ‘சீக்கிரம் வளருகிற மரம் எது?’ என்பதுதான். கேள்வி நியாயமானதே, ஆயினும் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்வதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் நிச்சயிக்க வேண்டியது, மறைப்பு எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்பது. மதிலிலிருந்து பன்னிரண்டடி உள்ளே நாம் அமர்ந்திருக்கிறோம், மதிலுக்கு அப்பால் பன்னிரண்டடியில் அண்டை வீட்டு மாடிச் சன்னல் இருக்கிறது, அங்கே நிற்பவருடைய கண் தரையிலிருந்து பதினாறடி உயரத்திலும் நம் கண் நாலடி உயரத்திலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பார்வைக்கோடு நம்மை நோக்கிச் சரிந்துகொண்டே வருவதால், மதிலோரமாக இரண்டடி தள்ளி நட்ட செடி ஒன்பதடி உயர்ந்தாலே அதைத் தடுத்துவிடும்; அதே செடியை நமக்கு நாலடி அருகில் நட்டால் ஆறடியே போதும். நாற்பதடி விருட்சத்துக்கு இங்கே வேலையே இல்லை. மருதாணியும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும்கூட இந்தக் காரியத்தை நிறைவாகச் செய்யக்கூடியவை என்பதை, கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை பலர் உணர்வதில்லை.

உயரத்தை யோசியாமல் வேகத்தை மாத்திரம் விரும்பியதன் பலனை இங்கிலாந்து நன்றாக அனுபவித்திருக்கிறது. இயற்கையில் ஒன்றையொன்று சந்தித்திராத இரண்டு வட அமெரிக்க சைப்ரஸ் இனங்கள் வேல்ஸ் நாட்டு லேட்டன் ஹால் என்னும் மாளிகைத் தோட்டத்தில் அருகருகே நடப்பட்டதால், 1888-இல் அவற்றின் கலப்பில் பிறந்த லேலண்டு சைப்ரஸ், ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்றடி வளரும் சுபாவம் உடையது. பிற்காலத்தில் வீட்டுக்கு வீடு வேலியாக நடப்பட்ட அந்த மரம், வேண்டிய உயரத்தில் நிற்காமல் மேன்மேலும் ஓங்கி அண்டை வீட்டாரின் வெயிலைப் பறித்ததனால் மூண்ட சச்சரவுகள் எத்தனையோ! முடிவில், 2003-ஆம் ஆண்டுச் சட்டமொன்றில் உயர்ந்த வேலிகளுக்கென்றே ஒரு பகுதி சேர்க்கப்பட்டு, இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட பசுமை மாறா வேலியைப் பற்றி உள்ளூர் மன்றத்தில் முறையிடும் உரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டிலும், துரிதமாக அடர்வதற்காகச் சாலையோரங்களில் விரும்பி நடப்பட்ட கோனோகார்பஸ் மரத்தை, அதன் மகரந்தத்தாலும் வேர்களாலும் விளையும் தொல்லைகளைக் காரணம் காட்டி, 2023-இல் குஜராத் அரசு தடை செய்தது. நர்சரிகளில் பிரியமாக எடுத்துக் கொடுத்தாலும் அதைத் தவிர்க்கும்படி வற்புறுத்திச் சொல்வேன்.

அப்படியானால் எதை நடுவது? சவுக்கு வேகத்தில் நிகரற்றதுதான். ஆனால் தன் போக்கில் விட்டால் கீழ்க்கிளைகளை உதிர்த்துக்கொண்டு மேலே போய்விடுமாதலால், மறைப்பு வேண்டிய இடத்தில் வெறும் தண்டுகளே மிஞ்சும். கொங்கு நாட்டில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களின் அரணான கிளுவை, போத்தாக நட்டாலே வேர்விடும் அருமையான உயிர்வேலி; எனினும் வறட்சிக் காலத்தில் இலையுதிர்த்துவிடுவதால் ஆடுமாடுகளைத் தடுக்கும், கண்களைத் தடுக்காது. யாழ்ப்பாணத்து வீடுகளில் கிளுவையும் பூவரசும் கதியாலாக, அதாவது உயிர்க்கம்பங்களாக நட்டு, இடைவெளியைத் தென்னோலைக் கிடுகினால் அடைத்த வழக்கம் இந்தக் குறைக்கு எவ்வளவு பொருத்தமான பரிகாரம்! மூங்கிலை விரும்புவோர், தரைக்கடியில் ஓடிப் பரவும் இனங்களை விலக்கி, புதராகத் திரளும் இனத்தையே கேட்டு வாங்க வேண்டும். புதரும் ஆண்டுதோறும் பருத்து இடத்தை அடைக்கும் என்பதால் குறுகிய கொல்லைக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை.

குறுகிய நிலத்துக்கு நெட்டிலிங்கமே முதன்மையானது. தொங்கு கிளைகளோடு தூண்போல் நிற்கும் அந்த வகை, அடிமுதல் நுனிவரை இலை மூடி வருஷம் முழுவதும் பசுமை மாறாதிருப்பதோடு, பக்கவாட்டில் அதிக இடமும் கேட்பதில்லை. நாலைந்து அடி இடைவெளியில் வரிசையாக நட்டால் சில ஆண்டுகளில் கிளையோடு கிளை சேர்ந்துவிடும். வெட்டவெட்ட அடர்கிற கொடுக்காப்புளியும் உத்தமமான வேலிமரந்தான். முள் உண்டு என்பதால், சிறு குழந்தைகள் ஓடியாடும் இடத்துக்கு உகந்ததல்ல.

அந்தச் சில ஆண்டுகளுக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை வளர்க்கும் குடியானவர்கள் வழிகாட்டுகிறார்கள். அற்பாயுளும் முறியும் கிளையும் உடையதாயினும், விதைத்த ஓராண்டுக்குள் ஆள் உயரத்தைத் தாண்டிவிடுவது அகத்தி. மண்ணுக்குத் தழைச்சத்தும் சமையலுக்குக் கீரையும் பூவும் தரும். நிலைத்த மரங்களின் வரிசைக்கு முன்னால் இரண்டடி தள்ளி அதை விதைத்துவிட்டால் தாற்காலிகத் திரை கிடைத்துவிடும்.

நடுவதற்கு ஆடிக்குப் பின் வடகிழக்குப் பருவமழைக்குள் அமையும் நாட்களே ஏற்றவை. ஒன்றரை அடிக் குழியில் மக்கிய தொழுஉரமும் செம்மண்ணும் கலந்து நிரப்பி, கழிவுநீர்த் தொட்டியையும் மின்கம்பியையும் விட்டு விலகி நட வேண்டும். மருதாணி, கொடுக்காப்புளி முதலியவற்றை இடுப்பளவு வளர்ந்ததுமே நுனி கிள்ளிக் கிளைக்கச் செய்து, கத்தரிக்கும்போது அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருக்கும்படி விட வேண்டும். தலை அகன்றால் கீழ்க்கிளைகள் வெயிலின்றிக் காய்ந்து, எந்த இடத்தை மறைக்க நினைத்தோமோ அந்த இடமே திறந்துகொள்ளும். நெட்டிலிங்கங்கள் மதிலைத் தாண்டி நெருங்கிய பின் அகத்தியை அடியோடு வெட்டிவிடத் தயங்கலாகாது. அதன் நிழல் நீடித்தால் பின்வரிசையின் முன்பக்கம் இலையற்றுப் போகும்.