கேஸட்டுக்கும் கணினிக்கும் நடுவே

கல்யாண வீடுகளிலும் கோயில் கும்பாபிஷேகங்களிலும் ஒரு காலத்தில் பிரசித்தமாக விளங்கிய மினி டி.வி. (MiniDV) கேஸட், 1995-ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த சாதனம்; கால் அங்குல அகலமுள்ள நாடாவில் பிம்பத்தையும் ஒலியையும் எண்களாகவே பதிந்துகொள்ளும் அது, எண்களாகவே அவற்றைக் கணினிக்கும் ஒப்படைக்க வல்லது. ஆகவே கேஸட்டைக் கணினியில் ஏற்றுவது நகல் எடுக்கும் காரியம்தானே, அதில் பிசகு நேர இடமேது என்று எண்ணுவது இயல்பே. ஆனால் ஏற்றி முடித்துப் பார்க்கையில், மணமகளின் முகத்தின்மேல் சிறு சிறு சதுரங்கள் சிதறிக் கிடக்கின்றன. படம் இடையிடையே திடுக்கென்று தாவுகிறது. தவில்காரரின் கை விழுந்த பிறகு சற்றுத் தாமதித்து ஒலி எழுகிறது. இத்தனைக்கும் கணினியையே குற்றவாளியாக்கி, மென்பொருளை மாற்றி மாற்றிச் சலித்துப்போகிறவர்கள் அநேகர். உண்மையில் இந்த தோஷங்கள் வெவ்வேறு இடங்களில் பிறப்பவை. ஒவ்வொன்றுக்கும் தனித்த லட்சணம் உண்டு. லட்சணத்தைக் கவனித்தவர்களுக்கு மென்பொருளை மாற்றும் அவசியம் அபூர்வமாகத்தான் நேரும்.

சதுரங்களை முதலில் எடுத்துக்கொள்வோம். நாடாவை ஓட்டும் காமிராவுக்குள் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை, இரண்டு காந்த முனைகளைத் தாங்கிக்கொண்டு, நிமிஷத்துக்கு 9,000 முறை சுழல்கிறது. நாடாவின் குறுக்கே சாய்வாக அது வரையும் தடம் ஒவ்வொன்றின் அகலமும் 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. நம் நாட்டு பால் (PAL) ஒளிபரப்பு முறையில் ஒரே ஒரு பிம்பத்துக்கு இப்படிப்பட்ட தடங்கள் 12 வேண்டும். இத்தகைய சூட்சுமமான ஏற்பாட்டில், முனையில் ஒட்டிய ஒரு துகளும், ஈரக்காற்றுப் படும் அலமாரியில் வருஷக்கணக்காகக் கிடந்த நாடாவில் பூத்த பூசணமும் எவ்வளவு சேதம் விளைக்கும் என்பதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. சிறு சேதங்களைக் காமிராவே கணக்கிட்டுத் திருத்திவிடுகிறது. திருத்த முடியாத அளவுக்கு எண்கள் தொலைந்துவிட்டால், முந்தின பிம்பத்தில் அதே இடத்தில் இருந்த துண்டை எடுத்து ஒட்டுப்போடுகிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் படத்தில் இந்த ஒட்டு கண்ணுக்குத் தெரிவதே இல்லை. ஓடுகிற குழந்தையின் படத்தில்தான் பழைய துண்டும் புதிய துண்டும் பொருந்தாமல் சதுரம் சதுரமாகக் காட்டிக்கொடுக்கின்றன.

இதற்குப் பரீட்சை எளிது. கணினியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, காமிராவின் சொந்தத் திரையிலேயே நாடாவை ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கேயும் சதுரங்கள் தென்பட்டால் கணினி நிரபராதி. இரண்டாம் முறை ஓட்டும்போது அவை அதே இடத்திலேயே வந்தால் சேதம் நாடாவில் இருக்கிறது என்றும், இடம் மாறி வந்தால் முனையில் அழுக்கு இருக்கிறது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். அழுக்குக்குச் சுத்தம் செய்யும் கேஸட் உண்டு. சில விநாடிகள் மட்டுமே ஓட்ட வேண்டிய அதை நிமிஷக்கணக்கில் ஓட்டினால் முனையே தேய்ந்துபோகும். நேரத்தை நீட்டிக்கும் எல்.பி. முறையில் பதிவான நாடாக்களில் தடங்கள் இன்னும் குறுகலானவை. அவற்றைப் பதிவு செய்த அதே காமிராவில் ஓட்டுவதே உத்தமம்.

படம் துல்லியமாக இருந்தும் தாவுகிறதென்றால் விஷயமே வேறு. காமிராவையும் கணினியையும் இணைக்கும் ஃபயர்வயர் கம்பி, விநாடிக்கு 400 மெகாபிட் வரை தாங்கும்; நாடாவிலிருந்து வருவதோ விநாடிக்கு 3.6 மெகாபைட், அதாவது சுமார் 29 மெகாபிட்தான். பாதை விசாலமாகவே இருக்கிறது; ஆனால் போக்கின் நியமம் கடுமையானது. குறித்த நேரத்தில் புறப்பட்டே தீரும் ரயிலைப்போல, விநாடிக்கு 8,000 தவணைகளாகச் செய்தி வந்துகொண்டே இருக்கும். தவறவிட்டதைத் திருப்பிக் கேட்பதற்கு இதில் வழியே கிடையாது, நாடாவும் நின்று காத்திருக்காது. அந்த வேளையில் வைரஸ் தடுப்பு நிரல் ஹார்ட் டிஸ்க்கைத் துழாவிக்கொண்டிருந்தாலோ, டிஸ்க் நிரம்பி இடம் துண்டு துண்டாகச் சிதறியிருந்தாலோ, சில பிம்பங்கள் எழுதப்படாமலே போய்விடுகின்றன. மற்ற நிரல்களை மூடிவிட்டு, வேறொரு டிஸ்க்கில் எழுதச் சொன்னாலே பெரும்பாலும் நிவாரணம் கிடைத்துவிடும். சுமார் 19 நிமிஷங்களில் பதிவு பட்டென்று நின்றுபோனால் அதுவும் டிஸ்க்கின் விவகாரமே: ஃபேட்-32 முறையில் அமைத்த டிஸ்க்கில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டக் கூடாது, ஒரு மணி நேரக் கேஸட்டுக்கோ 13 ஜிகாபைட் வேண்டும்.

ஒலி பின்தங்குவதுதான் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுகிற கோளாறு, ஏனெனில் இதில் யாருமே தவறு செய்வதில்லை. விநாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் என்பது விதி. ஆனால் வீட்டு உபயோகக் காமிராக்களில் அந்த எண்ணிக்கையைப் பிம்பத்தின் கடிகாரத்தோடு கண்டிப்பாகப் பூட்ட வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. ஒரு காமிரா 48,010 என்று பதிவதாக வைத்துக்கொண்டால், அதைச் சரியாக 48,000 என்றே நம்பி ஒலிக்கும் மென்பொருளில், மணிக்கு முக்கால் விநாடி தாமதம் சேர்ந்துவிடும். ஆரம்பத்தில் பொருந்தி, போகப்போக விலகினால் இதுவே காரணம்; தொடக்கம் முதல் ஒரே அளவில் விலகியிருந்தால் இதுவன்று. ஒரு மணி நேரத்தை ஒரே கோப்பாக ஏற்றாமல், காட்சி காட்சியாகப் பிரித்து ஏற்றினால் விலகல் உணரமுடியாத அளவுக்குக் குறைந்துவிடும்.

கெட்டுப்போன நாடாவுக்கும் இப்போது உபாயம் உண்டு. டி.வி. ரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருள், ஒரே நாடாவைப் பலமுறை ஏற்றிய பிரதிகளை ஒப்பிட்டு, எந்தப் பிரதியில் எந்தப் பகுதி பழுதின்றி வந்திருக்கிறதோ அதைப் பொறுக்கிச் சேர்த்து ஒன்றாக்குகிறது. ஆனால் இது பயன்படுவதற்கு ஃபயர்வயர் துளை வேண்டும். அது புதிய கணினிகளிலிருந்து அநேகமாக மறைந்தேவிட்டது. ஆப்பிள் 2025-இல் வெளியிட்ட டஹோ இயங்குதளம் அந்த இணைப்பைக் கைவிட்டுவிட்டது. காமிராவில் யு.எஸ்.பி. துளை இருக்கிறதே என்று ஆறுதல் அடைபவர்கள், அநேக மாதிரிகளில் அது அசையாப் படங்களுக்கு மட்டுமே ஏற்பட்டது என்பதை அறியவேண்டும். வீட்டில் ஃபயர்வயர் துளையுள்ள பழைய கணினி ஏதேனும் இருந்தால், கேஸட்டுகள் தீரும்வரை அதைக் காயலான் கடைக்குப் போடாமல் வைத்துக்கொள்வது நல்லது.