வளரிளம் பருவத்தினருக்குத் தேர்ந்த மருத்துவர்: உரிமை, ஆபத்து, தீர்வு

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்றும், 10 முதல் 24 வரை உள்ளவர்களை இளையோர் என்றும் உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. குழந்தை மருத்துவத்துக்கும் பொது மருத்துவத்துக்கும் இடையில் விடுபட்டுப்போகும் வயது இது. இவர்களுக்கெனத் தனி மருத்துவப் பிரிவை 1951-ல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ராஸ்வெல் கல்லகர் தொடங்கினார். இந்தியாவில் 2014 ஜனவரி 7 அன்று தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம் ஊட்டச்சத்து, இனப்பெருக்க நலம், மனநலம், போதைப்பழக்கம், காயமும் வன்முறையும், தொற்றா நோய்கள் ஆகிய ஆறையும் உள்ளடக்கியது.

ஆபத்துகள்

தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு போன்ற தாலுகாவில் அரசு மருத்துவமனைக்குப் போனால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. இம்மாவட்டத்தில் குழந்தைத் திருமணம் நெடுங்காலமாக இருந்துவரும் சிக்கல். தமிழக அளவில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள் என்கிறது ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு. இரத்தசோகை, இளவயதுக் கர்ப்பம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் ஒரே பிள்ளையிடம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கலாம். மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால் காரணம் அப்படியே நிற்கும். அதனால்தான் இந்த வயதினருக்கெனப் பயிற்சி பெற்ற மருத்துவர் தேவை.

மருத்துவர் பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்

முதலில், பெற்றோரை வெளியே அமரவைத்துப் பிள்ளையிடம் சிறிது நேரம் தனியாகப் பேசும் திறன். வீடு, படிப்பு, உணவு, நட்பு, போதை, பாலுறவு, மனநிலை எனப் படிப்படியாக, கண்டிக்காமல் கேட்கும் முறை கற்பிக்கப்பட வேண்டும். அடுத்தது சட்ட அறிவு. எதை ரகசியமாக வைக்கலாம், எதை அறிவித்தே ஆக வேண்டும் என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே மருத்துவர் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பிள்ளை நம்பிச் சொன்னது பின்னால் துரோகமாகிவிடும்.

உரிமைகள்

மருத்துவர் நோயாளியின் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆனால் 18 வயதுக்கு உட்பட்டவர் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி அறிவிப்பது கட்டாயம். பாதிக்கப்பட்ட சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இலவசமாக உடனடிச் சிகிச்சை தர வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவரின் கருக்கலைப்புக்குக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. அந்தச் சூழலில், சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போக்சோ அறிவிப்பில் சிறுமியின் அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2017-ம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகக் கருதி, தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரச் சொல்கிறது.

தீர்வுகள்

குழந்தைத் திருமணம், வன்முறை ஆகியவற்றுக்கு 1098, மனநல உதவிக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104 எனத் தொலைபேசி எண்கள் உள்ளன. குழந்தைத் திருமணத்தை மாவட்ட சமூகநல அலுவலரிடமும் தெரிவிக்கலாம். சிகிச்சை மறுக்கப்பட்டாலோ ரகசியம் மீறப்பட்டாலோ மருத்துவமனைத் தலைமை அலுவலரிடமும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமும் புகார் தரலாம்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் தாலுகா மருத்துவமனைகளிலும் மேலே சொன்ன மருத்துவர் பயிற்சி பணியின் பகுதியாக வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது பெற்றோர், ஆசிரியர், ஊராட்சி அனைவரின் பொறுப்பு.